திரும்பியவர் மீண்டும் திரும்பினர்



தவக்காலத்தின் முதல் நாளில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வீடு செல்கிறோம். அன்று முதல் நாற்பது நாளும் கோவிலில் நம் செவியில் ஓயாது விழுகின்ற சொல் 'மனந்திரும்புங்கள்' என்பதே. இளமை முதல் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல்லாதலால் அதன் கூர்மை நமக்கு மழுங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் புலால் மறுத்தல், சிலுவைப் பாதை, பாஸ்காவுக்கு முன் ஒரு பாவசங்கீர்த்தனம் ஆகியவற்றோடு அச்சொல்லின் பொருள் முடிந்துவிட்டதாக எண்ணி அமைதி கொள்கிறோம்.

மனந்திரும்புதல் என்றால் என்னவென்பதைப் பண்டைய இஸ்ரயேல் மக்களின் வரலாற்றிலிருந்து கற்பது நலம். பாவம், துன்பம், கூக்குரல், மீட்பு, மறுபடியும் பாவம் என்று நீதித் தலைவர்கள் காலத்தில் சுழன்ற சக்கரத்தை மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். தாவீது அரசரின் கண்ணீரும் நினிவே நகரத்தாரின் சாக்கு உடையும் நமக்குத் தெரிந்தவையே. ஆயினும் மறையுரைகளில் அதிகம் பேசப்படாத ஒரு நிகழ்ச்சியை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். அது எரேமியா நூலின் 34-ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதைப் படிப்பவர்கள் அதில் தங்கள் முகத்தையே காண்பார்கள்.

முற்றுகைக்குள் ஒரு நகரம்

இஸ்ரயேலின் வட நாடு கி.மு. 722-ஐ ஒட்டி அசீரியரிடம் வீழ்ந்தது. தெற்கே யூதா மட்டும் எஞ்சி நின்றது. கி.மு. 597-இல் பாபிலோன் மன்னன் நெபுகத்னேசர் எருசலேமைப் பணியவைத்து, அதன் இளம் அரசரைச் சிறைப்பிடித்துச் சென்று, அவருடைய சிற்றப்பனாகிய செதேக்கியாவை அரியணையில் அமர்த்தினான். சில ஆண்டுகள் கப்பம் கட்டிய செதேக்கியா பின்னர் எகிப்தின் துணையை நம்பிக் கலகம் செய்தார். கி.மு. 588-ஐ ஒட்டிப் பாபிலோன் படை மீண்டும் வந்து நகரைச் சூழ்ந்துகொண்டது.

முற்றுகை என்பது எத்தகைய கொடுமை என்பதைச் செஞ்சிக் கோட்டையின் நிழலில் வாழும் நமக்கு விளக்கத் தேவையில்லை. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை அக்கோட்டையை வளைத்துக்கொண்டு கிடந்தது. அவ்வாறு வளைக்கப்பட்ட கோட்டையில் உள்ளே இருப்போர் ஒவ்வொரு படி தானியத்தையும் அளந்து உண்ண வேண்டும். வெளியே இருப்போர் காத்திருந்தால் போதும். எருசலேமுக்கும் அந்த நிலை நேர்ந்தது. யூதாவின் அரண் சூழ்ந்த நகர்களில் எருசலேமைத் தவிர இலாக்கிசு, அசேக்கா என்ற இரண்டு மட்டுமே அப்போது எஞ்சி நின்றன என்று எரேமியா குறிப்பிடுகிறார்.

இக்குறிப்புக்கு மண்ணும் சாட்சி சொல்கிறது. 1935-ஆம் ஆண்டில் ஸ்டார்க்கி என்ற ஆங்கிலேய அகழ்வாராய்ச்சியாளர் இலாக்கிசு நகரின் வாயிலருகே, தீயில் வெந்த இடிபாடுகளுக்கிடையே, மையால் எழுதப்பட்ட 18 பானை ஓடுகளைக் கண்டெடுத்தார். நம் அருகிலுள்ள அரிக்கமேட்டில் பானை ஓடுகளில் பழந்தமிழ் எழுத்துகள் கிடைத்தது போலவே அங்கு பழைய எபிரேய எழுத்துகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, காவல் நிலையிலிருந்த ஒருவர் தம் மேலதிகாரிக்கு எழுதிய மடல். இலாக்கிசின் தீ அடையாளங்களை எதிர்பார்த்து நிற்கிறோம், அசேக்காவைக் காண முடியவில்லை என்ற கருத்து அதில் உள்ளது. எரேமியா பெயர் சொன்ன அதே இரு நகர்களே இம்மடலிலும் வருகின்றன. நாம் பேசப்போகும் நிகழ்ச்சி இந்த இருண்ட நாட்களுக்கு உரியது.

ஆலயத்தில் ஓர் உடன்படிக்கை

கடனுக்காகத் தன்னையோ தன் பிள்ளையையோ விற்றுக்கொள்ளும் வழக்கம் இஸ்ரயேலிலும் இருந்தது. ஆனால் ஆண்டவரின் சட்டம் அதற்கு ஓர் எல்லை வகுத்திருந்தது. எபிரேய அடிமை ஆறு ஆண்டுகள் உழைத்தால் போதும். ஏழாம் ஆண்டில் அவனை விடுவித்துவிட வேண்டும். வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. ஆட்டு மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் திராட்சை ஆலையிலிருந்தும் தாராளமாகக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று இணைச்சட்ட நூல் 15-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. காரணத்தையும் அதுவே கூறுகிறது: நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய், ஆண்டவர் உன்னை மீட்டார் என்பதை மறவாதே.

இக்காரணத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இஸ்ரயேலின் விசுவாசம் முழுவதும், அடிமைகளாயிருந்த எங்களைக் கடவுள் விடுவித்தார் என்ற ஒரே அறிக்கையில் அடங்கும். அந்த விசுவாசத்தின் அடையாளமாகவே பிறரை விடுவிக்கும் கட்டளை பிறந்தது. விடுதலை பெற்றவன் பிறனை அடிமையாக வைத்திருப்பானாகில், வாயால் அவன் எதை அறிக்கையிட்டாலும் கையால் அதை மறுதலிக்கிறான்.

நல்ல சட்டந்தான், ஆனால் முன்னோர் அதற்குச் செவிசாய்க்கவில்லை என்று எரேமியா வருந்துகிறார். தலைமுறை தலைமுறையாகக் கிடப்பிலிருந்த அச்சட்டம் பகைவர் மதில் புறத்தே வந்ததும் திடீரென நினைவுக்கு வந்தது. செதேக்கியா அரசர் மக்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார். தலைவர்களும் அலுவலர்களும் குருக்களும் பொதுமக்களும் ஆலயத்தில் கூடினர். கன்றுக்குட்டி ஒன்று இரண்டாக வெட்டப்பட்டது. அதன் துண்டுகளுக்கிடையே அனைவரும் நடந்து சென்றனர். வாக்குத் தவறினால் எங்களுக்கும் இக்கதி நேர்க என்பதே அச்சடங்கின் பொருள். எபிரேய அடிமைகள் ஆண் பெண் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். எத்தனை நாளைய கண்ணீர் அன்று துடைக்கப்பட்டிருக்கும்!

முற்றுகைக் காலத்தில் அடிமைகளுக்குச் சோறிடுவது உடையவர்களுக்குப் பாரமாயிருந்ததும், மதிலைக் காக்க ஆட்கள் தேவைப்பட்டதும் இதற்குக் காரணமாகலாம் என்று மறைநூல் அறிஞர் சிலர் கருதுவர். இருக்கலாம். ஆயினும் ஆண்டவர் அச்செயலைக் குறைத்து மதிக்கவில்லை. நீங்கள் மனந்திரும்பி என் பார்வையில் நேரியதைச் செய்தீர்கள் என்றே அவர்களைப் பற்றி உரைக்கிறார். அச்சத்தில் பிறந்த மனத்துயரையும் இறைவன் தள்ளிவிடுவதில்லை. அது ஒரு தொடக்கம். ஆனால் தொடக்கமே முடிவாகிவிடக் கூடாது.

படை விலகியது, மனமும் விலகியது

இதற்கிடையில் எகிப்திலிருந்து பார்வோனின் படை புறப்பட்டது. செய்தி கேட்ட பாபிலோனியர் முற்றுகையைத் தளர்த்தி அப்படையை எதிர்கொள்ளச் சென்றனர். எருசலேமின் வாயில்கள் திறந்தன. மக்கள் மூச்சு விட்டனர். இனி ஆபத்தில்லை என்ற எண்ணம் பரவியது.

ஆபத்து நீங்கியதும் அவர்கள் செய்த முதல் வேலை என்ன? விடுவித்து அனுப்பிய அடிமைகளைத் தேடிப் பிடித்து மறுபடியும் வேலையில் மாட்டினார்கள். ஆலயத்தில் கன்றின் நடுவே நடந்த அதே கால்கள், விடுதலையாகிப் போனவனின் குடிசை வாயிலில் போய் நின்றன.

இவ்விடத்தில் எரேமியா கையாளும் எபிரேயச் சொல் நம் சிந்தனைக்கு உரியது. மனந்திரும்புதலைக் குறிக்கவும், சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குதலைக் குறிக்கவும், அடிமைகளைத் திருப்பிக் கொணர்தலைக் குறிக்கவும் அவர் ஒரே வினைச்சொல்லையே பயன்படுத்துகிறார். நம் தமிழின் 'திரும்பு' என்ற சொல்லும் அவ்வாறே அமைந்திருப்பது வியப்பு. மனம் திரும்பினார்கள், பிறகு பின்புறம் திரும்பினார்கள், அடிமைகளைத் திருப்பிப் பிடித்தார்கள். முதல் திரும்புதல் ஆண்டவரை நோக்கி; இரண்டாவது பழைய இலாபத்தை நோக்கி. இரண்டுக்கும் இடையே கழிந்த காலம் சொற்பமே.

அவர்கள் யாரை நம்பித் திரும்பினார்கள் என்பதையும் நோக்குங்கள். எகிப்தை நம்பினார்கள்! எந்த நாட்டு அடிமைத்தனத்திலிருந்து கடவுள் அவர்களை மீட்டாரோ, அந்நாட்டுப் படையே தங்களுக்குக் காவல் என்று எண்ணியதோடு, தங்கள் சொந்தச் சகோதரர்களுக்குத் தாங்களே எகிப்தாகவும் மாறினார்கள். விசுவாசம் போன பின் மனந்திரும்புதல் நிற்பதற்கு இடமேது?

எரேமியா உரைத்த தீர்ப்பு கடுமையானது. சகோதரனுக்கு விடுதலை அளிக்காத உங்களுக்கு நான் விடுதலை அளிக்கிறேன்; வாளுக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் உங்களை விட்டுவிடுகிறேன் என்று ஆண்டவர் கூறியதாக அவர் அறிவித்தார். எகிப்துப் படை நிலைக்கவில்லை. பாபிலோனியர் திரும்பி வந்தனர். கி.மு. 587-ஐ ஒட்டி மதில் பிளந்தது, ஆலயம் எரிந்தது. செதேக்கியா தம் புதல்வர் கொலையுண்டதைக் கண்ட பின் கண்கள் பறிக்கப்பட்டு, விலங்கிடப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32.

இதனைப் படித்துவிட்டு, புயலும் நோயும் வரும்போதெல்லாம் இது இன்னாருடைய பாவத்திற்குத் தண்டனை என்று விரல் நீட்டுவது முறையன்று. சிலோவாம் கோபுரம் விழுந்து இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என்று நம் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். நாம் கற்க வேண்டியது வேறு. ஆபத்தில் செய்த மனந்திரும்புதல் ஆபத்து நீங்கிய பின் நிலைக்கிறதா என்பதே கேள்வி.

நம் பொருத்தனைகளின் கதை

2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. ஏரிகள் நிரம்பின, தென்பெண்ணை கரை புரண்டது. அத்தகைய இரவுகளில் மனிதன் என்னென்ன வாக்குக் கொடுக்கிறான்! வேளாங்கண்ணி மாதாவுக்கு நடந்தே வருகிறேன் என்கிறான். இனிக் குடிப்பதில்லை என்கிறான். பேசாதிருக்கும் தம்பியோடு பேசிவிடுகிறேன் என்கிறான். ஊரும் கோவிலும் பள்ளிக்கூடமும் ஒரே கூரையாகிவிடுகின்றன. பக்கத்தில் படுத்திருப்பவர் எந்தத் தெருக்காரர் என்று யாரும் கேட்பதில்லை.

வெள்ளம் வடிகிறது. தண்ணீர் போன வழியே வாக்குகளும் போய்விடுகின்றன. வேளாங்கண்ணிக்கு நடப்பவர் நடந்துவிடுகிறார், அது எளிது. தம்பியின் வாசற்படி பத்தடி தூரந்தான். அங்கே போவதற்குத்தான் கால் வருவதில்லை. கொரோனா காலத்தில் செய்த தீர்மானங்களில் எத்தனை இன்று உயிரோடிருக்கின்றன என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்கலாம்.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை ஐந்து என்று நம் பாட்டிமார் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தார்கள். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிப் பாவம் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் அறிக்கையிடுதல், பரிகாரம் ஆகியவை அவை. இவற்றுள் பிரதிக்கினையும் பரிகாரமும் நம் காலத்தில் மெலிந்துவிட்டன. களவாடியவன் மனம் வருந்தினால் மட்டும் போதாது. களவாடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது திருச்சபையின் மாறாத போதனை. பிறனுக்கு இழைத்த தீங்கை இயன்ற மட்டும் சரிசெய்யாமல் செபங்களை மட்டும் சொல்லி முடிப்பது பரிகாரம் ஆகாது. கன்றின் நடுவே நடந்தவர்களும் சடங்கில் ஒரு குறையும் வைக்கவில்லை அன்றோ!

நெகேமியா உதறிய மடி

ஏறத்தாழ 140 ஆண்டுகள் உருண்டோடின. சிறையிருப்பிலிருந்து மக்கள் திரும்பிவிட்டனர். கி.மு. 445-இல் நெகேமியா என்பவர் பாரசீக மன்னரின் ஆளுநராக எருசலேமுக்கு வந்து இடிந்த மதிலைக் கட்டத் தொடங்கினார். அவ்வேளையில் ஏழை மக்களும் அவர்களுடைய மனைவியரும் முறையிட்டுக் கதறினர். பஞ்சத்தில் தானியத்துக்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்தோம். அரசனுக்கு வரி கட்டக் கடன் வாங்கினோம். எங்கள் பிள்ளைகளை அடிமைகளாக்கிவிட்டோம். எங்கள் புதல்வியருள் சிலர் ஏற்கெனவே அடிமைகளாகிவிட்டனர். மீட்க வழியில்லை என்றனர். கடன் கொடுத்தவர்கள் அந்நியர் அல்லர்; கூடவே மதில் கட்டிய சொந்த இனத்தார்!

நெகேமியா சினந்தார், தமக்குள் ஆழ்ந்து எண்ணினார், பிறகு பெரிய சபையைக் கூட்டினார். வேற்றினத்தாரிடம் விற்கப்பட்ட நம் சகோதரரை நாம் மீட்டுவர, நீங்களோ சகோதரரை விற்கிறீர்களே என்று கேட்டார். அவர்களால் வாய் திறக்க முடியவில்லை. தாமும் தம் உறவினரும் கடன் கொடுத்திருப்பதை அவர் மறைக்கவில்லை. நாம் அனைவரும் இதை விட்டுவிடுவோம் என்றார். வயல், திராட்சைத் தோட்டம், ஒலிவத் தோப்பு, வீடு, வாங்கிய வட்டி அனைத்தையும் இன்றே திருப்பிக் கொடுங்கள் என்றார். 'இன்றே' என்ற அந்தச் சொல் முக்கியமானது. குருக்களை அழைத்து ஆணையிடச் செய்தார். தம் ஆடையின் மடியை உதறி, வாக்குத் தவறுகிறவனைக் கடவுள் இவ்வாறே உதறுவார் என்றார். சபை ஆமென் என்றது, சொன்னபடியே செய்தது. நெகேமியாவும் தமக்குரிய ஆளுநர் படியைப் பன்னிரண்டு ஆண்டுகள் வாங்கவில்லை.

இது நெகேமியா நூல் 5-ஆம் அதிகாரம். அதே நூலின் 9-ஆம் அதிகாரத்தில்தான் மக்கள் நோன்பிருந்து, சாக்கு உடுத்து, புழுதி பூசிக்கொண்டு தங்கள் பாவங்களையும் முன்னோரின் பாவங்களையும் அறிக்கையிடுகிறார்கள். இவ்வரிசை நமக்குப் பாடம். முதலில் ஏழையின் நிலம் அவனிடம் திரும்பியது. சாக்கு உடை பின்னர் வந்தது. நாமோ சாம்பலில் தொடங்கிச் சாம்பலிலேயே முடித்துவிடுகிறோம்.

திண்டிவனத்திலிருந்து புறப்பட்ட நூல்

இந்த வரலாறு நமக்குத் தொலைவான ஒன்றன்று. தமிழ்க் கத்தோலிக்கர் வீடுகளில் இன்றுள்ள திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, திண்டிவனத்திலுள்ள விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தின் முயற்சியால் 1995-இல் வெளிவந்தது என்பதை நம்மில் பலர் அறிவோம். எரேமியாவும் நெகேமியாவும் நம் பக்கத்து ஊரிலிருந்தே தமிழ்நாடெங்கும் புறப்பட்டுச் சென்றனர் என்று சொல்லலாம். அது நமக்குப் பெருமை. கூடவே ஒரு பொறுப்பும் உண்டு.

அதே திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் சுற்றிய ஏரிக்கரைகளில் இருளர் மக்கள் வாழ்கின்றனர். ஒருகாலத்தில் பாம்பும் எலியும் பிடித்தும் காட்டுப் பொருள் சேகரித்தும் பிழைத்தவர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அடுத்துப் பாம்புத்தோல் வணிகம் நின்றுபோனது. நிலமும் இல்லை, பலருக்குச் சாதிச் சான்றிதழும் எளிதில் கிடைப்பதில்லை. ஆதலால் அவர்களுள் பல குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் கரும்பு வெட்டுக்கும் சவுக்கு வெட்டுக்கும் செல்கின்றன.

அங்கே நடப்பது பலருக்கும் தெரிந்ததே. மழைக்காலத்தில் வேலையில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல், அல்லது வீட்டில் ஒரு சாவு. சூளைக்காரரின் ஆள் வந்து அட்வான்ஸ் கொடுக்கிறார். தை பிறந்ததும் கணவன், மனைவி, பிள்ளைகள் அனைவரும் சூளைக்குப் போய்விட வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அதிலிருந்து அட்வான்சுக்குப் பிடித்தம். வாரச் செலவுக்குக் கொடுத்த காசும் கடனில் ஏறும். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் அப்படியே நிற்கும். கணக்கு நோட்டோ கொடுத்தவர் கையில். வாங்கியவருக்கு எழுத்துத் தெரியாது. கடன் தீரும் வரை வேறிடம் போகக் கூடாது. எருசலேமில் நடந்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நம் நாட்டுச் சட்டம் இதை ஏற்பதில்லை. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் நிறைவேறியது. அச்சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது. தொழிலாளி ஒரு காசும் திருப்பித் தர வேண்டியதில்லை. வருவாய் அதிகாரிகள் விசாரித்து விடுவித்தால் விடுதலைச் சான்றிதழும் உடனடி உதவித்தொகையும் கிடைக்கும். வெறுங்கையோடு அனுப்பாதே என்ற இணைச்சட்டக் கட்டளையை இங்கு நினைவுகூரலாம். ஏனெனில் சான்றிதழ் மட்டும் வயிற்றை நிரப்பாது. வீட்டுமனை, வேலை, குடும்ப அட்டை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இவை வராவிட்டால், விடுவிக்கப்பட்டவன் அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் ஒருவரிடம் அட்வான்ஸ் வாங்குகிறான். எரேமியா காலத்தில் உடையவன் தேடிச் சென்று பிடித்தான். நம் காலத்தில் பசியே பிடித்துக்கொடுத்துவிடுகிறது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றோர் இருளர் மக்களின் உரிமைக்காக நெடுங்காலமாய்ப் பாடுபட்டு வருகின்றனர். அவர்கள் செய்வதைக் கண்டு மகிழ்ந்து ஒதுங்கி நிற்பது நமக்குப் போதுமா?

இடித்த சுவர், இடியாத சுவர்

வெளியே பார்த்தோம், இனி ஆண்டவரின் இல்லத்துக்குள்ளும் பார்ப்போம். 1745-இல் புதுச்சேரிக் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களைப் பிரித்து வைத்திருந்த சுவர் இடிக்கப்பட்டதையும், அதனால் எழுந்த கலகத்தையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். இடித்தாயிற்று, இனித் தீர்ந்தது என்று எண்ணியிருக்கலாம். ஆனால் நூறாண்டுக்குப் பின், 1872-இல், நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் இரு சாதியாருக்கு இரு கிளைகளாகக் கோவில் எழுந்தது, நடுவே சுவர். அச்சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது, வழக்கும் நடந்தது. மேலும் நூறாண்டு கழிந்து, 2008 மார்ச் மாதத்தில், அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்த ஏறையூரில் கத்தோலிக்கருக்குள்ளேயே சாதிப் பூசல் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். விடுவித்தோம், மீண்டும் பிடித்தோம். கல்லாலான சுவரை இடிப்பது எளிது. கல்லறைத் தோட்டத்திலும் தேர்ப் பவனியிலும் பெண் எடுப்பதிலும் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் சுவரை இடிப்பது அரிது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள், யூபிலி ஆண்டில், திருச்சபையின் பிள்ளைகள் வரலாற்றில் இழைத்த பாவங்களுக்காகப் புனித பேதுரு பேராலயத்தில் வெளிப்படையாக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். 2003-இல் நம் புதுவை–கடலூர் மறைமாநிலம் உட்படத் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது, கிறிஸ்தவர்களிடையே சாதிவேற்றுமையின் சாயல்கூட இருத்தலாகாது என்று அறிவுறுத்தினார். இந்திய ஆயர் பேரவையும் 2016-இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. உடன்படிக்கைகள் நம்மிடம் உள்ளன. கன்றின் நடுவே நடந்தாயிற்று. திரும்பி நடக்கும்போது எத்திசையில் நடக்கிறோம் என்பதே எஞ்சிய கேள்வி.

இந்தத் தவக்காலத்தில்

நம் வாசகர்களுள் சூளை நடத்துவோர் சிலரே இருப்பர். ஆயினும் ஒவ்வொரு குடும்பமும் யாரையேனும் பிடித்து வைத்திருக்கிறது. அவசரத்துக்கு வந்தவருக்குப் பத்து வட்டிக்குக் கொடுத்துவிட்டு, அசலைப்போல் இருமடங்கு வாங்கிய பின்னும் பத்திரத்தைத் திருப்பித் தராதவர் இருக்கலாம். கந்துவட்டியைத் தடைசெய்யும் சட்டம் நம் மாநிலத்தில் 2003 முதல் உண்டு. மனச்சாட்சியின் சட்டமோ அதனினும் பழையது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு முன்பணம் கொடுத்த காரணத்தால் காய்ச்சலிலும் வரச் சொல்பவர் இருக்கலாம். தங்கைக்குரிய பங்கைப் பிரித்துக் கொடுக்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்ட அண்ணன் இருக்கலாம். பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு குற்றத்தைச் சொல்லிச் சொல்லியே மருமகளைத் தலைகுனிய வைத்திருக்கும் மாமியார் இருக்கலாம். மன்னித்தேன் என்று சொல்லிவிட்டுச் சண்டை வரும்போதெல்லாம் அதையே எடுத்து வைப்பதும், விடுவித்த அடிமையை மீண்டும் பிடிப்பதே ஆகும்.

ஆகவே இம்மாதம் ஒரு நாள் மாலையில், குடும்பச் செபமாலைக்குப் பின், எரேமியா 34-ஆம் அதிகாரத்தையும் நெகேமியா 5-ஆம் அதிகாரத்தையும் பிள்ளைகளைக் கொண்டு வாசிக்கச் செய்யுங்கள். பிறகு மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆபத்து நேரத்தில் கடவுளுக்குக் கொடுத்த எந்த வாக்கை நாம் திரும்பப் பெற்றுக்கொண்டோம்? நம் கையில் சிக்கியிருப்பவர் யார்? அவருக்கு எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்? விடை கிடைத்ததும் பாஸ்கா வரை காத்திருக்க வேண்டாம். நெகேமியா சொன்னது 'இன்றே' என்பதே. பக்கத்துச் சூளையில் பள்ளி செல்லாத பிள்ளையைக் கண்டால், பங்குக் குருவிடமோ வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்திலோ சொல்லுங்கள். அதுவும் தவமுயற்சியே.

நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் நம் ஆண்டவர் எசாயாவின் ஏட்டைப் பிரித்து, சிறைப்பட்டோருக்கு விடுதலையை அறிவிக்கும் பகுதியை வாசித்தார். எசாயாவின் அப்பகுதியில் விடுதலையைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும், எரேமியா 34-இல் அடிமைகளுக்கு அறிவிக்கப்பட்ட விடுதலையைக் குறிக்கும் சொல்லும் ஒன்றே. செதேக்கியா அறிவித்துக் கைவிட்ட விடுதலையை இயேசு தம் இரத்தத்தால் முத்திரையிட்டு நிறைவேற்றினார். அவர் நம்மை விடுவித்த பின் திரும்பப் பிடிக்கவில்லை. நாமும் விடுவித்தவரைப் பிடிக்காதிருப்போமாக. ஒருமுறை அவர்பால் திரும்பிய நம் முகம் மீண்டும் திரும்பாதிருக்க அவரே அருள்புரிவாராக.